எரு போட்டும் செடி வெளுப்பது ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக ரசாயன உரத்தைத் தொடாமல், மாட்டு எருவும் மண்புழு உரமும் மட்டும் போட்டுக் காய்கறி வளர்க்கிறீர்கள். தக்காளி, கத்தரி இரண்டும் வெளிறி நிற்கின்றன. அடி இலைகள்தான் முதலில் மஞ்சளாகின்றன. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் மண் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. எந்த இயற்கை உரம் சிறந்தது, எவ்வளவு போட வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

அடி இலை முதலில் மஞ்சளாகிறது என்று கவனித்து எழுதியது பெரிய உதவி. தழைச்சத்து (நைட்ரஜன்) போதாதபோது செடி பழைய இலையில் இருப்பதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால்தான் கீழிருந்து வெளுக்கிறது. இரும்புச்சத்துக் குறை என்றால் தலைகீழ்: கொழுந்து வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். எனவே, வேர் நீரில் மூழ்கி நிற்கவில்லை என்றால், உங்கள் செடிக்கு இருப்பது தழைச்சத்துப் பசிதான். மண் இறுகுவது அதிலிருந்து வேறான கோளாறு. இரண்டுக்கும் ஒரே எருவை மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எரு கெட்டதில்லை, அதனிடம் எதிர்பார்க்கும் வேலைதான் அதற்கு மீறியது.

மண்ணைக் கட்டுவது ஒரு வேலை. இந்தப் பருவத்துப் பயிருக்குச் சோறு போடுவது இன்னொரு வேலை. நன்றாக மட்கிய தொழு உரமும் கம்போஸ்ட்டும் முதல் வேலையில் கெட்டி, இரண்டாவதில் மந்தம். புண்ணாக்கு, கோழி எரு, இளம் பசுந்தழை போன்றவை இரண்டாவது வேலையைச் சட்டென்று செய்யும். ஆனால் மண்ணில் தங்காது. இதைப் பிரித்துப் பார்க்காமல் "எது சிறந்தது" என்று கேட்டால், கேட்கிற ஆளுக்கு ஒரு பதில் வரும்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். தோராயக் கணக்குதான், ஆனால் நிலைமையைக் காட்டப் போதும்.

நன்றாகக் காய்க்கும் வீரிய ரகத் தக்காளிக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிராம் தழைச்சத்து வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டு எருவில் தழைச்சத்து அரை சதவீதம் அளவில்தான் இருக்கும். சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ, அதாவது ஹெக்டேருக்கு 25 டன், போட்டீர்கள் என்றால் உள்ளே போவது 12.5 கிராம். ஆனால் அதில் பெரும்பகுதி சிக்கலான அங்ககப் பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கழித்த பிறகே வேருக்குக் கிடைக்கும். முதல் பருவத்தில் கால் பங்கு கிடைத்தால் அதிகம்: 3 கிராம். மண்புழு உரம் அரை கிலோ போட்டால், ஒன்றரை சதவீதம் என்று வைத்து 7.5 கிராம், அதில் ஐந்தில் ஒரு பங்கு விடுபட்டால் 1.5 கிராம். உங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் மட்கிலிருந்து இன்னொரு இரண்டு கிராம். கூட்டினால் ஆறரை. தேவை பதினைந்து. செடி வெளுக்காமல் என்ன செய்யும்?

இந்தப் பள்ளத்தை எருவாலேயே நிரப்பலாம் என்று மூன்று மடங்கு கொட்டுபவர்கள் உண்டு. அதில் வரும் வம்பைப் பின்னால் சொல்கிறேன். எளிய வழி புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம், வேப்பம் புண்ணாக்கில் 5, ஆமணக்குப் புண்ணாக்கில் 4-க்கு மேல். இவற்றில் இருப்பது புரதம். ஈரமும் சூடும் இருந்தால் சில வாரங்களிலேயே சிதைந்துவிடும். சதுர மீட்டருக்கு 200 கிராம் கடலைப் புண்ணாக்கு என்றால் 14 கிராம் தழைச்சத்து. அதில் மூன்றில் இரண்டு பங்கு அதே பருவத்தில் கிடைக்கும், 9 கிராம். முன்பிருந்த ஆறரையோடு சேர்த்தால் கணக்கு நேராகிறது.

பாதியைப் பொடி செய்து நடுவதற்குப் பத்து நாள் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். மீதியைப் பூக்கத் தொடங்கும்போது, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்ணைக் கிளறிப் போட்டு மூடுங்கள். நட்ட அன்றே குழியில் புண்ணாக்கைப் போட்டு அதன் மேல் நாற்றை வைத்தால், சிதையும்போது வரும் அம்மோனியா இளவேரைப் பொசுக்கிவிடும். மேலாகத் தூவி விட்டால் எறும்பும் எலியும் அள்ளிக்கொண்டு போகும். வேப்பம் புண்ணாக்கு மெதுவாகக் கொடுக்கும், வேர்முடிச்சு நூற்புழுவையும் ஓரளவு அடக்கும் என்பதால் கத்தரி, தக்காளிக்கு நான் பாதிக்குப் பாதி கலப்பேன். ஒரு எச்சரிக்கை: வீட்டில் நாய் இருந்தால் ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டாம். அதன் மணத்துக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். அதில் இருக்கும் ரிசின் நஞ்சு உயிரையே எடுத்துவிடக்கூடும்.

செடியின் பசிக்கு இது போதும். இனி மண்.

எரு வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. மேல்மண்ணில் கட்டைவிரல் நுனி அளவு ஒரு கட்டியை எடுத்து நன்றாக நிழலில் உலர்த்துங்கள். கண்ணாடித் தம்ளரில் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றி அந்தக் கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது. கட்டி அப்படியே நின்றால் மண் அமைப்பு நன்றாக இருக்கிறது. சில நிமிடங்களில் பொலபொலவென்று சிறு துகள்களாகச் சரிந்து, ஆனால் நீர் தெளிவாகவே இருந்தால், துகள்களை ஒட்டிவைக்கும் அங்ககப் பொருள் குறைவு. எருவும் தழையும் மூடாக்கும் (மண்ணை மூடிப் பரப்பும் வைக்கோல், சருகு) இதைச் சரிசெய்யும். கட்டியைச் சுற்றிப் பால் கரைந்தது போல் கலங்கல் படர்ந்து, ஓரிரு மணி நேரம் ஆகியும் தெளியாமல் நின்றால், அது வேறு கதை. மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறது, களர் நிலம். அங்கே எரு மட்டும் போட்டு வருடக்கணக்கில் காத்திருப்பது வீண். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, ஜிப்சம் எவ்வளவு என்று தெரிந்து போட்டு, உப்பு வடிய வழி செய்த பிறகுதான் எரு வேலை செய்யும்.

உங்கள் மண் இரண்டாவது வகை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழத்துக்கு இருக்கும் மண்ணின் எடை சுமார் 200 கிலோ. அதில் அங்ககப் பொருளை ஒரு சதவீதம் கூட்ட வேண்டும் என்றால் 2 கிலோ நிரந்தரமாகத் தங்க வேண்டும். நீங்கள் போடும் இரண்டரை கிலோ எருவில் பாதி தண்ணீர். உலர்ந்ததில் மண்ணும் சாம்பலும் போக அங்ககப் பொருள் முக்கால் கிலோ தேறலாம். வெப்பமான சூழலில் அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் ஒரு வருடத்துக்குள் தின்று கரியமில வாயுவாக ஊதிவிடும். தங்குவது 200 கிராம் என்றால், ஒரு சதவீதம் ஏறப் பத்து வருடம். வருடம் இரண்டு தடவை போட்டால் ஐந்து. அதற்குள் ஏற்கெனவே இருக்கும் மட்கும் கரைந்துகொண்டிருக்கும். இரண்டே வருடத்தில் மண் மாறவில்லை என்று நீங்கள் நொந்துகொள்ள ஒன்றும் இல்லை.

ஆனால் ஏறியது சுலபத்தில் இறங்காது என்பதும் உண்மை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பார்லி வயல் ஒன்றின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை வருடா வருடம் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் போட்டார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு அளந்தபோதும், எருவே காணாத பக்கத்துப் பகுதியைவிட அந்த மண்ணில் கரிமம் (கார்பன்) கூடுதலாகவே இருந்தது. இருபது வருடம் போட்டதை மண் ஒரு நூற்றாண்டு ஞாபகம் வைத்திருக்கிறது.

இறுக்கம் மட்டும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. மண் துகள்களை மணிமணியாகச் சேர்த்துக் கட்டுவது மட்கின் மொத்த அளவு மட்டும் இல்லை. சிதைந்துகொண்டிருக்கும் பொருளைத் தின்னும் பூஞ்சை இழைகளும், பாக்டீரியாக்களும் வேர்களும் கசியவிடும் பிசினும், மண்புழுவின் கழிவும்தான் அந்தப் பசை. அது தொடர்ந்து சுரக்க, மண்ணுக்குத் தொடர்ந்து தீனி வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொட்டுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுப்பது இதற்கு நல்லது. மேற்பரப்பில் ஓடு கட்டுவதற்கு மழைத்துளியே முக்கியக் காரணம். வெற்று மண்ணில் துளி விழுந்து துகளை உடைக்கிறது, உடைந்த நுண்துகள் துளைகளை அடைக்கிறது, காய்ந்ததும் ஓடு. நான்கு விரல் கனத்துக்கு வைக்கோலோ சருகோ மூடாக்குப் போட்டால் அடுத்த மழையிலேயே வித்தியாசம் தெரியும். உங்கள் கேள்வியில் மூடாக்கு என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனித்தேன். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் மூடாக்கைப் போடுங்கள்.

வைக்கோல் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். மேலே கிடந்தால் இழுக்காது, மண்ணுக்குள் கலந்தால் இழுக்கும். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காய்கறி போட ஆரம்பித்த காலத்தில், மரம் அறுக்கும் இடத்திலிருந்து இலவசமாகக் கிடைத்த மரத்தூளைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து பாத்தியில் கொத்திக் கலந்தேன். மண் அப்போதே மெத்தை போல் ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதில் நட்ட முட்டைக்கோஸ் அந்தப் பருவம் முழுக்க எலுமிச்சை நிறத்தில், உள்ளங்கை அளவு இலையோடு நின்றது. அடுத்த பருவத்திலும் பாதிதான் தேறியது.

காரணம் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம். நுண்ணுயிரின் உடம்பில் 8 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து. தின்னும் கரிமத்தில் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக விட்டுவிடும். ஆகவே அதன் தீனியில் 24-க்கு 1 என்ற அளவில் இருந்தால் சரியாகப் போகும். அதைவிடக் கரிமம் குறைந்த பொருள் என்றால் மிஞ்சும் தழைச்சத்து வேருக்குக் கிடைக்கும். கூடினால், பற்றாக்குறையை நுண்ணுயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் போட்டியில் வேர் தோற்கும். இளம் பயறுவகைத் தழை 15 முதல் 20. மாட்டுச் சாணம் 20 முதல் 25. வைக்கோல் சுமார் 80. மரத்தூள் 400 வாக்கில். தென்னை நார்க்கழிவு நூறையும் தாண்டும். அதோடு எளிதில் மட்காத லிக்னின் என்ற மரப்பொருளும் உப்பும் அதிகம், மட்காமல் மண்ணில் கலக்கவே கூடாது. இவற்றை மேலே மூடாக்காகப் போட்டால், மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே இந்த இழுபறி நடக்கும். ஆழத்து வேருக்குப் பாதிப்பில்லை.

இப்போது உங்கள் எருவைப் போய் ஒருமுறை பாருங்கள். அதில் வைக்கோல் தாள் தாளாகத் தெரிகிறதா? உள்ளே கை விட்டால் கதகதப்பாக இருக்கிறதா? மூக்கில் சுருக்கென்று அம்மோனியா ஏறுகிறதா? ஆம் என்றால் அது இன்னும் மட்கவில்லை. உங்கள் செடியின் மஞ்சளில் அதற்கும் பங்கு இருக்கலாம். நல்ல எரு மழைக்குப் பிந்தைய மண் வாசனை அடிக்கும், கையில் உதிரும், எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியாது. கருப்பாக இருந்தால் நல்ல எரு என்பது ஒரு மூடநம்பிக்கை. காற்றில்லாமல் அழுகியதும் கருப்புதான். நிறத்தை நம்பாமல், ஒரு தொட்டியில் அந்த எருவைப் பாதி மண்ணோடு கலந்து முள்ளங்கி விதை பத்து போடுங்கள். ஒரு வாரத்தில் எட்டு விதையாவது முளைத்துப் பச்சையாக நிமிர்ந்தால் எடுத்துப் போடலாம்.

வெட்டவெளியில் குவித்து, மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் கிடந்த எருவில் சத்தைத் தேடுவதும் வீண். தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறக்கும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) மழையோடு வடியும். குழியிலோ நிழலிலோ வைத்து, மேலே மண் அல்லது ஓலை போட்டு மூடினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். மாட்டின் சிறுநீரைத்தான் பலர் ஓடவிட்டுவிடுகிறார்கள். சாணத்தைவிட அதில்தான் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் எளிதில் கிடைக்கும் வடிவில் இருக்கின்றன. தொழுவத்தில் காய்ந்த தழையைப் பரப்பி அதை உறிஞ்ச விட்டு, அந்தத் தழையையே குவியலில் சேர்த்தால் இரட்டை லாபம்.

கம்போஸ்ட் நீங்களே போடுவதென்றால், குவியல் ஒரு மீட்டர் நீள அகல உயரத்துக்குக் குறையக் கூடாது; சின்னக் குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. காய்ந்ததும் பச்சையும் கலந்து, ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் 25 முதல் 30 என்ற விகிதத்தில் தொடங்க வேண்டும். சருகு இரண்டு மூன்று கூடைக்குப் பச்சைத் தழையோ சாணமோ ஒரு கூடை என்று ஆரம்பித்து, சூடு ஏறவில்லை என்றால் பச்சையைக் கூட்டுங்கள், நாறினால் சருகைக் கூட்டுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். அந்தச் சூடுதான் களை விதையையும் நோய்க்கிருமியையும் கொல்வது. ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி சில முறை புரட்டிவிட வேண்டும். சூடு அடங்கிய பிறகும் ஒன்றிரண்டு மாதம் ஆற விடுங்கள். அவசரப்பட்டுப் பாத்திக்கு எடுத்துச் செல்வதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள்.

கோழி எரு பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். தழைச்சத்து 3 சதவீதம் வரை இருக்கும், பாதிக்கு மேல் அதே பருவத்தில் கிடைக்கும். வலுவான உரம். அதனாலேயே பச்சையாகப் போட்டால் செடி கருகும். மட்க வைத்து, மாட்டு எருவில் நாலில் ஒரு பங்கு என்று நினைத்துப் போடுங்கள்.

பச்சை எருவில் இன்னொரு ஆபத்து செடிக்கு இல்லை, தின்பவருக்கு. எந்த விலங்கின் பச்சைச் சாணத்திலும் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்றவை இருக்கலாம். கீரை, கேரட், முள்ளங்கி, வெள்ளரி இவற்றைப் பச்சையாகவே கடிப்போம். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளில், மட்காத எருவைப் போட்டால் மண்ணைத் தொடும் விளைபொருளை 120 நாளும், மண்ணைத் தொடாததை 90 நாளும் கழித்தே அறுக்கலாம் என்று இருக்கிறது. கீரை ஒரு மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும். அப்படியென்றால் கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணமும் இல்லை, சாணக் கரைசலை இலை மேல் தெளிப்பதும் இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மண்புழு உரம் நல்ல பொருள்தான். நாற்றங்காலுக்கும் தொட்டிக்கும் அதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை. ஆனால் மேலே பார்த்தபடி, வயலுக்கு அதை மட்டுமே நம்பினால் கட்டுப்படியாகாது. உரத்தோடு வந்த புழுவை எடுத்துப் பாத்தியில் விட்டால் மண்ணை உழுதுவிடும் என்று நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். உரம் தயாரிக்க வளர்ப்பவை மேலாகக் குப்பையைத் தின்னும் வகை; மண்ணுக்குள் ஆழமாகத் துளை போடுவது வேறு வகை. அவை மூடாக்கும் ஈரமும் இருந்தால் தானாக வரும்.

ஜீவாமிர்தம் போன்ற கரைசல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசலில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் மாட்டுச் சிறுநீர், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம். இதில் உள்ள மொத்தத் தழைச்சத்தையும் கூட்டினால் 200 கிராம் அளவுக்கு வரும். நம் தக்காளிக்கு ஏக்கருக்குத் தேவை 60 கிலோ. நுண்ணுயிருக்கு ஒரு தூண்டுதல் என்று ஊற்றுங்கள், தவறில்லை. அதை உரக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களுக்கும் இதே நியாயம்: மண்ணில் தீனி இருந்தால் உதவும், வெறும் மண்ணில் பட்டினி கிடக்கும்.

பணமும் எருவும் குறைவாக இருக்கிறது, இடமும் கொஞ்ச நாள் காலியாகக் கிடக்கும் என்றால் பசுந்தாள் உரம்தான், அதாவது வளர்த்து அதே மண்ணில் மடக்கும் செடிதான், முதல் தெரிவு. தக்கைப்பூண்டு, சணப்பு இரண்டும் 40 முதல் 50 நாளில் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிடும். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். 1880-களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதை நிரூபிக்கும் வரை, பயறு விதைத்த நிலம் ஏன் செழிக்கிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. பூக்கத் தொடங்கும் நேரத்தில் வெட்டி மடக்கிவிடுங்கள். தாமதித்தால் தண்டு நாராகி, மறுபடியும் அந்த விகிதக் கோளாறுக்குள் போவோம். ஈரத்தோடு மடக்கி இரண்டு மூன்று வாரம் விட்டு நாற்று நட்டால், எருவுக்கும் புண்ணாக்குக்கும் நடுவிலான ஒரு இடத்தை அது நிரப்பும். தழை சீக்கிரம் சத்தைக் கொடுக்கும், தண்டும் வேரும் மண்ணைக் கட்டும். வேர் போன தடம் அடுத்த பயிருக்கு வழியாகவும் ஆகும். அந்த வேலையை எந்த மூட்டை உரமும் செய்யாது.

எருவை மூன்று மடங்கு கொட்டினால் என்ன என்று நிறுத்திவைத்தேன் அல்லவா? எருவில் தழைச்சத்து இரண்டு பங்கு என்றால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஒரு பங்கு அளவில் இருக்கும். காய்கறிப் பயிர்கள் எடுத்துக்கொள்வதோ மூன்று நான்கு பங்குக்கு ஒன்று. தழைச்சத்துத் தேவை முழுவதையும் எருவாலேயே தீர்க்கப் பார்த்தால், ஒவ்வொரு பருவமும் மணிச்சத்து மிஞ்சும். அது தழைச்சத்து மாதிரி பறக்காது, வடியாது, மண்ணிலேயே சேரும். வருடங்கள் போனால் துத்தநாகத்தையும் இரும்பையும் செடி எடுப்பதற்கு இடைஞ்சல் செய்யும். வேரோடு கூட்டு வாழும் வேர்ப்பூஞ்சையும் குறைந்துவிடும். குறிப்பாகக் கோழி எருவைப் பல வருடம் தொடர்ந்து போட்ட தோட்டங்களில் இதைப் பார்க்கலாம்: மண் பொன்னாக இருக்கும், கொழுந்து மட்டும் வெளுத்திருக்கும். உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்து மணிச்சத்து எண்ணைப் பாருங்கள். அது அதிகம் என்று வந்துவிட்டால் எருவைக் குறைத்து, தழைச்சத்தைப் பசுந்தாளிலிருந்து எடுங்கள். அதே பரிசோதனையில் கார அமில நிலையும் தெரிந்துவிடும், 7.5-க்கு மேல் என்றால் அடுப்புச் சாம்பலைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது காரத்தை இன்னும் ஏற்றும்.

வெளியிலிருந்து எருவோ வைக்கோலோ வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். புல்வெளியிலும் தானிய வயலிலும் அகன்ற இலைக் களையைக் கொல்லத் தெளிக்கும் சில மருந்துகள், குறிப்பாக அமினோபைரலிட், புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய், சிதையாமல் சாணத்தோடு வெளியே வரும். குவியலில் மட்கினாலும் முழுதாக அழியாது. 2008-இல் பிரிட்டனில் ஏராளமான வீட்டுத் தோட்டக்காரர்களின் தக்காளியும் அவரையும் உருளையும் இதனால் சுருண்டுபோய், அந்த மருந்தின் விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். புது இடத்திலிருந்து எரு வந்தால் ஒரு தொட்டியில் அதையும் மண்ணையும் சரிபாதி கலந்து, இன்னொரு தொட்டியில் வெறும் மண்ணை நிரப்பி, இரண்டிலும் பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். எருத் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம் போல் குவிந்தாலோ, சூம்பி முறுக்கினாலோ, அந்த எருவைக் காய்கறிக்குப் போடாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் பாத்தியில் என்ன செய்வது? நிற்கும் செடிக்கு முதலில் வழி செய்வோம். செடி ஒன்றுக்கு 30 கிராம் புண்ணாக்கை இரண்டு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று பங்கு நீர் சேர்த்து, ஈர மண்ணில் வேரைச் சுற்றி ஊற்றுங்கள். பத்து நாள் இடைவெளியில் இன்னொரு முறை. மஞ்சளான அடி இலை திரும்பப் பச்சையாகாது, அதைக் கிள்ளிவிடலாம். புது இலையின் நிறத்தைப் பாருங்கள். கரும்பச்சையாகித் தழை மட்டும் மதமதவென்று வந்து பூவைக் காணோம் என்றால் அளவு மீறிவிட்டது, அசுவினியும் கூடவே வந்து சேரும், நிறுத்திவிடுங்கள். மூடாக்கை இந்த வாரமே போடுங்கள். இந்தப் பயிர் முடிந்ததும் பாதி இடத்தில் தக்கைப்பூண்டு விதையுங்கள், மீதிப் பாதியில் எருவும் புண்ணாக்குமாக அடுத்த காய்கறி; அதற்கடுத்த பருவம் இடம் மாற்றுங்கள். மண்வெட்டியால் ஆழக் கொத்திப் புரட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் காற்றுப் பட்டு மட்கு வேகமாக எரிகிறது, கஷ்டப்பட்டுக் கட்டிய மண்மணியும் உடைகிறது. எருவை மேல் மண்ணில் நான்கு விரல் ஆழத்துக்குக் கிளறிவிட்டால் போதும்.

அந்தத் தம்ளர் சோதனையில் மண்கட்டி எத்தனை நிமிடத்தில் சரிந்தது என்று இன்றே எங்காவது குறித்துவையுங்கள். மூடாக்கு போட்ட பாத்தியிலிருந்து ஒன்று, போடாத ஓரத்திலிருந்து ஒன்று என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தம்ளரில் விட்டுப் பாருங்கள். கலங்கல் தென்பட்டால் மட்டும் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் சோடியம் எவ்வளவு என்று பரிசோதித்துவிட்டு எழுதுங்கள்.